மேல் நட்டு

மேல் நட்டைத் திறக்காமல் கீழ் நட்டில் கை வைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் கார் விஷயத்தில் முதல் விதி இதுதான். கியர்பாக்ஸின் அடியில் எண்ணெய் வடிய ஒரு நட்டு உண்டு. பக்கவாட்டில், கொஞ்சம் உயரத்தில், புது எண்ணெய் ஊற்ற இன்னொரு நட்டு. அடியில் இருப்பதைக் கழற்றினால் பழைய எண்ணெய் முழுக்க இறங்கிவிடும். அப்புறம் மேல் நட்டு துருப்பிடித்துத் திறக்க வராமல் போனால், உள்ளே சொட்டு எண்ணெய் இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நைனா இதை எனக்குச் சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. அதற்குக் கால் மணி நேரம் முன்னால்தான் பெரியப்பா கீழ் நட்டைக் கழற்றி முடித்திருந்தார்.

அது 1987, ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. அந்த வருஷக் கடைசியில் எம்.ஜி.ஆர். இறந்தார், அதனால் வருஷம் மறப்பதில்லை. திருவொற்றியூரில், பட்டினத்தார் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் தெரு. தெரு என்று பேர். தார் கிடையாது, கடல் மணல்தான். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம், பாட்டியை ஆயா என்போம். நைனா எண்ணூர் லேலண்டில் ஃபிட்டர். அந்தக் கம்பெனி 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பேரில் தொடங்கி முதலில் பூட்டியது லாரியை அல்ல, இங்கிலாந்து ஆஸ்டின் காரை. 1955-இல்தான் அது அசோக் லேலண்ட் ஆனது. தான் வேலைக்குச் சேருவதற்கு வெகு காலம் முன்னால் நடந்த இதைத் தன் கல்யாணக் கதை போல நைனா சொல்லுவார்.

எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒரு சங்கு ஊதும். என்ஃபீல்டில் புல்லட் செய்தார்கள். எம்.ஆர்.எஃப்.பில் டயர் செய்தார்கள். மாம்மன் மாப்பிள்ளை அதை 1946-இல் ஒரு கொட்டகையில் பலூன் செய்துதான் ஆரம்பித்திருக்கிறார். விம்கோவில் தீப்பெட்டி. மேற்கே மணலியில் சுத்திகரிப்பு ஆலையின் தீக்கொழுந்து ராத்திரி முழுக்க எரியும். டயரும் இன்ஜினும் எண்ணெயும் எங்களைச் சுற்றியே உண்டாயின. ஆனால் எங்கள் தெருவில் கார் என்று ஒன்றே ஒன்றுதான், பெரியப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்.

பெரியப்பா ஹார்பரில் வின்ச் ஓட்டினார். ராயபுரத்தில் குடியிருந்த ஓர் ஆங்கிலோ இந்திய ரயில்வேக்காரர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது அந்த வண்டியை விற்றுவிட்டுப் போனார். நாலு கதவு வைத்த மார்க் 3. ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் இரண்டே கதவுதான். நாலு கதவு வைத்தது இந்தியாவில் மட்டும், அதுவும் நம் மெட்ராஸில், வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸில். பானெட்டைத் திறந்தால் முன்பக்கம் முழுதும், மட்கார்டும் விளக்கும் சேர்ந்து, முதலை வாயைப் பிளக்கிற மாதிரி முன்னால் சாயும். உள்ளே இருக்கிற அத்தனையும் கண்ணுக்குத் தெரியும். குழந்தைகள் நாங்கள் அதைப் பார்க்கவே கூடுவோம்.

பெரியப்பா அந்த வண்டியை வைத்துச் சம்பாதிக்கவில்லை. கல்யாணத்துக்குக் கேட்டால் கொடுப்பார், பெட்ரோலுக்கு மட்டும் வாங்கிக்கொள்வார். ஆனால் அந்த வண்டியின் உண்மையான வேலை ராத்திரியில். குப்பத்தில் எந்தப் பெண்ணுக்கு இடுப்பு வலி கண்டாலும் ஆள் ஓடிவந்து பெரியப்பா வீட்டுக் கதவைத் தட்டும். டி.எச். ரோட்டில் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிவரை ஒரே ஓட்டம். என் தங்கையும் அந்த வண்டியில் போய்ப் பிறந்தவள்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையும் நாலு வீடு தள்ளி ஒரு அக்காவுக்கு நாள் நெருங்கியிருந்தது. பெரியப்பாவின் அவசரம் அதனால்தான். சாயங்காலத்துக்குள் வண்டி தயாராக வேண்டும் என்று அவர் நினைத்தது தப்பில்லை. அந்த நினைப்பில் கை முந்திக்கொண்டது.

பள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்ற வண்டியின் அடியில் போக வேண்டும். ஆனால் ஜாக்கி போட்டு முன்னால் மட்டும் தூக்கினால் வண்டி சாய்ந்துவிடும். சாய்ந்த வண்டியில் எண்ணெயின் மட்டம் பொய் சொல்லும். பக்கவாட்டு நட்டின் ஓட்டைதான் அளவு. அதன் உதட்டுக்கு எண்ணெய் வந்து நிற்க வேண்டும், அதுவும் நாலு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்கும்போது. ஒர்க்‌ஷாப்பில் இதற்கென்று சிமெண்டுப் பள்ளம் வைத்திருப்பார்கள். நைனா பார்த்தார், வண்டியைத் தூக்குவதற்குப் பதிலாகத் தரையை இறக்கிவிட்டார். மணல்தானே. உடைந்த படகின் இரண்டு அகலப் பலகைகளை மணலில் பதித்து, தண்ணீர் ஊற்றிய சோற்றுத் தட்டை அவற்றின் மேல் வைத்து மட்டம் பார்ப்பார். பலகைகளுக்கு நடுவில் ஓர் ஆள் மல்லாந்து படுக்கிற அளவுக்கு, முழங்கால் ஆழத்துக்கு வெட்டுவோம். ஓரம் சரியாமல் இருக்கச் சரிவாக வெட்ட வேண்டும். மேலே காய்ந்த மணல், ஒரு சாண் கீழே ஈர மணல், அதற்கும் கீழே கிளிஞ்சல். தோண்டும்போது எப்போதும் ஒரு நண்டாவது வெளியே ஓடும். எனக்குக் கொடுத்த கருவி ஒரு கொட்டாங்கச்சி. தெருப் பையன்கள் எல்லாருக்கும் அன்றைக்கு அதுதான் விளையாட்டு. பள்ளம் முடிந்ததும் வண்டியை மெதுவாகப் பலகையில் ஏற்றி, கை பிரேக் போட்டு, முன்னும் பின்னும் கருங்கல் வைத்து, நாலு பேர் சேர்ந்து உலுக்கிப் பார்ப்பார்கள். அசையாது என்று தெரிந்த பிறகுதான் யாரும் உள்ளே இறங்கலாம்.

அதற்கு முன்னால் வண்டியை எர்ணாவூர்வரை ஓட்டிக்கொண்டுபோய்த் திரும்புவது வழக்கம். கியர் எண்ணெய் சூடானால்தான் முழுசாக இறங்கும், அடியில் படிந்த கசடையும் கூட இழுத்துக்கொண்டு வரும். அன்றைக்கும் போய் வந்தோம். நைனா ஸ்பானர் எடுக்க வீட்டுக்குள் போனார். திரும்பி வருவதற்குள் பெரியப்பா பள்ளத்தில் இறங்கி, கீழே குண்டானை வைத்து, நட்டைத் திருகிவிட்டிருந்தார். எண்ணெய் கறுத்த கயிறு போல இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னாணா இது? மேல் நட்டு கய்ட்டினியா?"

"அத்த அப்பால கய்ட்டிக்கலாம்டா."

நைனா பதில் பேசவில்லை. குனிந்து உள்ளே போய் மேல் நட்டில் ஸ்பானரை வைத்தார். அசையவில்லை. இன்னும் அழுத்தினார். ஸ்பானர் வழுக்கியது. கடற்கரைத் தெருவில் நிற்கிற வண்டிக்கு உப்புக்காற்றே போதும். போன மழையில் தெருவில் கடல் தண்ணீர் ஏறியபோது வண்டி அதில் ஒரு ராத்திரி நின்றிருந்தது. நட்டும் கியர்பாக்ஸும் ஒரே இரும்பாகிவிட்டிருந்தன. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துத்தான் சொன்னார், பெரியப்பாவைப் பார்த்து அல்ல: "மேல் நட்ட தொறக்காம கீழ் நட்ல கைய வெக்கக் கூடாதுடா, கண்ணு." அண்ணனை நேராகக் கடிந்துகொள்ள அவருக்கு வாய் வராது. பெரியப்பா பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

பைப்பை மாட்டி நெம்பினால் என்ன என்று யாரோ கேட்டார்கள். நெம்பினால் நட்டின் தலை ஒடியும், உடம்பு உள்ளேயே நிற்கும் என்றார் நைனா. கியர்பாக்ஸின் மேல் மூடியைக் கழற்றி அதன் வழியே ஊற்றலாம்தான். ஆனால் மூடிக்கு அடியில் இருக்கும் பேக்கிங் கிழிந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடை இருக்காது. அதனால் மண்ணெண்ணெய். பழைய துணியை மண்ணெண்ணெயில் நனைத்து நட்டைச் சுற்றி ஒட்டவைத்தார். சின்னச் சுத்தியால் நட்டின் தலையில் மெதுவாகத் தட்டினார், கதவைத் தட்டுகிற மாதிரி, உடைக்கிற மாதிரி இல்லை. தட்டும் அதிர்வில் துரு வெடிப்பு விடும், வெடிப்பில் மண்ணெண்ணெய் இறங்கும். தட்டுவார், நிறுத்துவார், வெளியே வந்து பீடி பிடிக்காமல் கையில் உருட்டிக்கொண்டிருப்பார், மறுபடி இறங்குவார். இப்படி மத்தியானச் சாப்பாடு தாண்டியும் போனது. நாலு வீடு தள்ளி இருந்த அக்கா வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் காத்திருப்பில்தான் நைனா எனக்கு எண்ணெயைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். குண்டானை வெயிலில் வைத்துச் சாய்த்தார். மேலே கருப்பு, சாய்கிற ஓரத்தில் மட்டும் தேன் நிறம். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சொட்டை எடுத்துத் தேய்த்துப் பிரித்தார். நூல் இழுத்தது. "இது இன்னும் சாவல" என்றார். பால் கலந்த டீ மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். கடல் தண்ணீர் ஏறிய வருஷம் என்பதால் அதைத்தான் முதலில் தேடினார். இல்லை. அப்புறம் உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி என்னிடம் கொடுத்து எண்ணெயில் துழாவச் சொன்னார். வெளியே எடுத்தால் பையின் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய பூனைமுடி. அது கியர்ப் பல் தேய்ந்த இரும்புத்தூள். அவ்வளவு மெல்லிசாக இருந்தால் வயதின் தேய்மானம், பயமில்லை. கையில் குத்துகிற சில்லு வந்தால் எங்கோ பல் உடைந்திருக்கிறது.

காந்தத்தில் ஒட்டாத ஒன்றும் எண்ணெயில் இருந்தது. சூரியன் பட்டதும் பொன்தூள் மாதிரி மின்னியது. தங்கமா என்று கேட்டேன். வெண்கல வளையம் என்றார். கியர் மாறும்போது ஒரு வேகத்தில் சுற்றும் சக்கரத்தை இன்னொரு வேகத்தில் சுற்றும் தண்டோடு சேர்க்க வேண்டும். அப்படியே இடித்தால் பல் நொறுங்கும். நடுவில் வெண்கலக் கிண்ணம் மாதிரி ஒரு வளையம் முதலில் போய் உரசி, இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவருகிறது. அதற்கப்புறம்தான் பல்லோடு பல் சேரும். தான் தேய்ந்து மற்றதைக் காப்பாற்றுவதுதான் அந்த வளையத்தின் வேலை. ஹெரால்டில் முதல் கியருக்கு அந்த வளையம் கிடையாது, மற்ற மூன்றுக்கும் உண்டு. நைனா மின்னும் தூளைப் பார்த்துக்கொண்டே பெரியப்பாவிடம் மெதுவாகக் கேட்டார்: "ரெண்டாவது கியர அவசரமா போட்றியாணா?"

பெரியப்பா நிமிர்ந்தார். "ராத்திரில போறச்சொ... வலில கத்திக்கினு இருக்குங்கடா அதுங்க. இன்னா பண்றது."

யாருமே அதற்கப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒரு கார் எந்த ராத்திரியில் எதற்காக விரைந்தது என்பது ஒரு குண்டான் எண்ணெயில் எழுதியிருக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

பிறகு செப்பு வாஷர். கீழ் நட்டு வண்டியோடு வந்தது அல்ல. பழையதன் மரை அழிந்துபோனதால் நைனாவின் கூட்டாளி ஒருவர் லேத்தில் கடைந்து கொடுத்தது. எண்ணெய் கசியாமல் இருக்க அதற்கு ஒரு செப்பு வாஷர். ஒருமுறை இறுக்கிய செம்பு நசுங்கிக் கெட்டியாகிவிடும், மறுபடி போட்டால் கசியும். புது வாஷர் தேட வேண்டியதில்லை. அம்மாவின் பம்பு ஸ்டவ்வைப் பற்றவைத்து, வாஷரைக் கம்பியில் கோத்து நீலச் சுடரில் காட்டினார். சிவந்தது. அப்படியே சொம்புத் தண்ணீரில் போட்டார். சுர்ரென்றது. எடுத்து என் கையில் வைத்தார். இளகி, விரலால் வளைக்கிற அளவுக்கு மிருதுவாக இருந்தது. இரும்பைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இறுகும் என்பதைக் கொல்லன் பட்டறையில் பார்த்திருக்கிறேன். செம்பு இளகும். ஒரே நெருப்பு, ஒரே தண்ணீர். பள்ளிக்கூடத்தில் உலோகம் பற்றிப் பாடம் நடந்த ஒவ்வொரு வருஷமும் அந்த வாஷர்தான் என் மனதில் வந்தது. அம்மா மட்டும் ராத்திரி சோற்றில் எண்ணெய் வாடை அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மூன்று மணிக்கு மேல் நைனா மறுபடி பள்ளத்தில் இறங்கினார். இந்த முறை ஸ்பானரை வைத்து நட்டைத் திறக்கிற பக்கம் திருப்பவில்லை. இறுக்குகிற பக்கம் ஒரு நெல்முனை அளவு திருப்பினார். அடம்பிடிக்கிற நட்டை முதலில் இறுக்க வேண்டும், அந்த அசைவில் துரு உடையும் என்று பிறகு சொன்னார். அப்புறம் எதிர்ப்பக்கம். 'டிக்' என்று ஒரு சத்தம், சுண்டு விரலில் சொடுக்குப் போட்ட அளவுக்கு. வாசலில் இருந்த அக்காவுக்கும் கேட்டிருக்க வேண்டும், "வந்திடுச்சா?" என்றாள். பெரியப்பா எழுந்து வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

புது எண்ணெய் இரண்டு டப்பாவில் வாங்கி வைத்திருந்தார்கள். எல்லாரும் பொதுவாக நைன்டி ஆயில் என்றுதான் சொல்லுவார்கள். ஒன்று கியர்பாக்ஸுக்கு, மற்றது பின் ஆக்ஸிலின் கிரவுனுக்கு. இரண்டையும் மாற்றி ஊற்றக் கூடாது என்பதில் நைனா பிடிவாதம். மூடியைத் திறந்து என்னை மோந்து பார்க்கச் சொன்னார். கிரவுன் எண்ணெய் அழுகின முட்டை வாடை அடித்தது, மணலிக் காற்று திரும்புகிற நாளில் தெருவுக்கு வருகிற வாடை. அது கந்தகம். பின் ஆக்ஸிலில் பல்லின் மேல் பல் உருளுவது மட்டுமில்லை, வழுக்கவும் செய்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். கந்தகமும் பாஸ்பரசும் கலந்த மருந்து அந்தச் சூட்டில் இரும்போடு சேர்ந்து ஒரு தோல் உண்டாக்கும், பல்லுக்குப் பதில் அந்தத் தோல் தேயும். ஆனால் வீரியமான கந்தகம் வெண்கலத்தை அரிக்கும். டப்பாவில் ஜி.எல்-4, ஜி.எல்-5 என்று போட்டிருப்பது இதற்குத்தான். ஐந்தில் மருந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. நைனாவுக்கு வேதியியல் தெரியாது. "கெட்ட வாசன கிரவுனுக்கு, கம்மி வாசன கியர்பாக்ஸுக்கு" என்பார். அதில் ஒரு பிழையும் இல்லை என்று பாலிடெக்னிக்கில் படிக்கும்போது தெரிந்துகொண்டேன். 90 என்ற எண்ணைப் பார்த்து அது 40-ஆம் நம்பர் இன்ஜின் ஆயிலைவிட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. இரண்டும் வேறு வேறு அளவுகோல். சூட்டில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கெட்டிதான். இதையும் நைனா விரலால் தேய்த்தே சொல்லியிருந்தார்.

அந்த எண்ணெய் எங்கே உண்டாகிறது என்று கேட்டபோது கையை மேற்கே நீட்டினார். மணலி ஆலை 1969-இல் ஓடத் தொடங்கியபோது ஈரானிலிருந்து வந்த கச்சா எண்ணெயைக் காய்ச்சியது. பெட்ரோல், டீசலோடு மசகு எண்ணெய்க்கான அடி எண்ணெயும் அங்கே எடுத்தார்கள். ஈரானில் பூமிக்கடியில் கிடந்தது கப்பலேறி வந்து, எங்கள் தெருப் பள்ளத்துக்கு மேலே தொங்கும் ஹெரால்டுக்குள் போகிறது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். அதைவிடப் பெரிய ஆச்சரியம் பல வருஷம் கழித்து வந்தது. அமெரிக்காவில் தானாகக் கியர் மாறும் கார்களுக்கு ஊற்றிய சிவப்புத் திரவத்தில், 1970-களின் தொடக்கம்வரை ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் கலந்திருக்கிறார்கள். அழியும் உயிரினங்களைக் காக்கச் சட்டம் வந்த பிறகே நிறுத்தினார்கள். கடலின் ஆழத்தில் மூச்சடக்கி முங்குகிற ஓர் உயிர், யாரோ ஒருவர் கியர் போடும்போது குலுங்காமல் இருப்பதற்காகச் செத்திருக்கிறது. அதை வாசித்த ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ஊற்றுவது என் வேலை. காருக்குள் கியர் கோலின் அடியிலிருந்த மூடியை எடுத்துவிட்டு, புனலில் மாட்டிய ரப்பர் டியூபை நைனா கீழிருந்து இழுத்து ஓட்டையில் செருகினார். டப்பாவைக் காலையிலிருந்து தகரக் கூரைமேல் வெயிலில் காயவைத்திருந்தோம்; இல்லாவிட்டால் அது இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். "ஊத்து." ஊற்றினேன். எண்ணெய் வளையம் வளையமாகப் புனலில் மடிந்தது. "நிறுத்து. மூச்சு வுட்டுக்கட்டும்." கீழே இருந்து அவர் குரல் மட்டும் வரும். "ஊத்து." அந்தக் கியர்பாக்ஸின் வயிறு சின்னது, ஒரு லிட்டருக்கும் குறைவாகவே பிடிக்கும், அதை ஊற்ற எனக்கு அரை மணி நேரம் ஆனது. கடைசியில் ஓட்டையின் உதட்டில் எண்ணெய் எட்டிப்பார்த்து வழிந்தது. நைனா கீழே டப்பாவைப் பிடித்துக்கொண்டு வழிவது கயிறாகி, நூலாகி, சொட்டாகி, நிற்கும்வரை பார்த்திருந்தார். எண்ணெய் தன் மட்டத்தைத் தானே முடிவு செய்துகொண்டது.

பெரியப்பா வண்டியை எடுத்தார். நைனா ஏறவில்லை, என்னையும் ஏறவிடவில்லை. திறந்த பள்ளத்துக்குள் நின்றுகொண்டு, தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். வண்டி தெருமுனையில் திரும்பியது. முதல் கியரின் முனகல் கேட்டது. பிறகு ஒரு சின்ன இடைவெளி. இரண்டாவது விழுந்த சத்தமே கேட்கவில்லை. இன்ஜின் குரல் மட்டும் இறங்கி மறுபடி ஏறியது. "பொறுமையாப் போட்டாரு" என்றார் நைனா. அந்த அக்காவை ஆயுத பூஜைக்கு மறுநாள் விடியற்காலை வண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. ஆண் குழந்தை.

பழைய எண்ணெய்க்குத் தெருவில் எப்போதும் கிராக்கி உண்டு. கதவு நிலையில் கரையானுக்குப் பூச ஒருத்தர் கேட்பார், கிணற்று உருளைக்குக் கொஞ்சம் என்று இன்னொருத்தர். அவர்களுக்கு நைனா கொட்டாங்கச்சியில் அளந்து கொடுப்பார். கொசுவுக்காகக் கால்வாயில் ஊற்றக் கேட்டவர்களுக்கு மட்டும் கொடுக்க மாட்டார். மிச்சத்தைத் தகர டின்னில் அடைத்து, வேஸ்ட் ஆயில் வாங்க வரும் மீன்பாடி வண்டிக்காரர் வரும்வரை திண்ணை அடியில் பூட்டி வைப்பார். காரணம் ஆயா. ஆயா எண்ணூர் முகத்துவாரத்து இறாலைக் கூடையில் சுமந்து விற்று நைனாவை வளர்த்தவள். சில நாள் கூடையை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து இறக்குவாள். "எண்ண வாசன அடிக்கிற எறால எவ வாங்குவா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வாள். எங்கள் கால்வாய் பக்கிங்காம் கால்வாயில் சேருகிறது, அது முகத்துவாரத்தில் சேருகிறது. நைனாவுக்கு இந்தக் கணக்கு போதுமாக இருந்தது.

2017 ஜனவரி 28 விடியலில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எர்ணாவூர்க் கரையில் கருங்கல் தடுப்புகளுக்கு நடுவே கறுப்புக் குழம்பு முழங்கால் உயரத்துக்குச் சேர்ந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையாக நின்று பக்கெட்டில் அள்ளிக் கைமாற்றினார்கள். அத்தனை பெரிய துறைமுகங்கள் இருக்கிற ஊரில் கடைசியில் வந்து சேர்ந்த கருவி பக்கெட்டுதான் என்பதை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நைனாவுக்கு அப்போது எழுபதைத் தாண்டியிருந்தது. கூட்டிப்போகச் சொன்னார். கல்லின் மேல் உட்கார்ந்து, பழக்கத்தில், விரலில் தொட்டுத் தேய்த்தார். முழு உடம்பும் கறுத்து நின்ற ஒரு பையனிடம் கேட்டார்: "எங்க கண்ணு கொண்டும்போய் ஊத்துறீங்க?" டிரம்மில் தாத்தா, லாரி வரும் என்றான். "பாத்து வைங்க" என்றார். அவன் கையை அலையில் கழுவப் போனபோது தடுத்து, முதலில் தண்ணீர் படக் கூடாது, தேங்காயெண்ணெய் தடவிக் காய்ந்த மணலில் தேய், அப்புறம் சோப்பு என்று சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவர் வாய் திறக்கவில்லை. 2023 டிசம்பரில், மிக்ஜாம் வெள்ளத்தோடு, எண்ணெய் இந்த முறை கடல் வழியாக இல்லாமல் கால்வாய் வழியாகவே முகத்துவாரத்தில் இறங்கியது. படகும் வலையும் அலையாத்திச் செடியும் கறுத்தன. நல்லவேளை, நைனா அதைப் பார்க்க இருக்கவில்லை. ஆயா விற்ற அதே இறால் விளைகிற தண்ணீர் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி போன பிறகு பள்ளம் திறந்து கிடந்தது. மூடிவிட்டால் வேலை முடிந்தது. பையன்கள் மணலைத் தள்ளத் தயாராக நின்றார்கள். நைனா மண்வெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு யாரையும் தள்ளவிடவில்லை. என் கையில் ஒரு பழைய கரண்டியும் தகர டின்னும் கொடுத்து உள்ளே இறக்கினார். குண்டானுக்கு வெளியே சிந்திய சொட்டு எங்கே இருந்தாலும் அந்த மணலைச் சுற்றிலும் சேர்த்து அள்ளி டின்னில் போட வேண்டும். மேற்கே வெயில் சாய்ந்திருந்ததால் பள்ளத்தின் ஒரு பக்கம் நிழல். முழங்கால் போட்டுத் தேடினேன். மூன்று இடத்தில் இருந்தது, காசு அளவுக்கு. அள்ளினேன். அடியில் தண்ணீர் ஊறத் தொடங்கி முழங்கால் நனைந்தது.

"கறுப்பு இருக்காடா?"

"இல்ல நைனா."

"ஈரத்துல கைய வச்சுப் பாரு. வானவில்லு மாதிரி ஓடுதா?"

ஊறியிருந்த தண்ணீரில் கையை வைத்துக் கலக்கிவிட்டு, அது தெளியும்வரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகமும், விளிம்பில் மண்வெட்டியோடு நிற்கிற நைனாவின் முகமும், கொஞ்சம் வானமும் தெரிந்தன.

"ஒண்ணும் ஓடல, நைனா."

"மேல வா" என்று கையை நீட்டினார்.